ரோலின் முதல் படம்

யாராவது என்னிடம் சிரித்த முகத்தோடு பேச வந்தால் என் கை தானாகக் கழுத்துக்குப் போகும். மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றோடு சேர்த்துக் கோத்திருக்கும் பீரோ சாவி அங்கே இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்ட பிறகுதான் பதிலுக்குச் சிரிப்பேன். இது ஒரு வியாதி என்று என் மனைவி சொல்வாள். சொல்லிவிட்டுப் போகட்டும். பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்து ஒரு ஆயுசு காலம் ஊர் முகங்களைப் படம் பிடித்தவன் நான். ஒரு முகம் எதற்காகச் சிரிக்கிறது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

அந்த பீரோவில் நகையோ பத்திரமோ கிடையாது. ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது, அதற்குள் உறை உறையாக நெகட்டிவ்கள். இளவயதில் ஒவ்வொரு வருஷமும், வெயில் ஏற ஆரம்பிக்கிற சமயத்தில், சென்னைக்கு வடக்கே சோழவரத்துக்கு ஓடுவேன். அங்கே யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடக்கும். யாரும் என்னை அனுப்பவில்லை, எந்தப் பத்திரிகையும் கூப்பிடவில்லை. கல்யாணத்திலும், கோயிலில் பிள்ளைகள் முதல்முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மையிலும் படம் எடுத்துச் சம்பாதித்ததைப் பிலிமாக மாற்றி அங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன். கிறுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தனை வருஷத்தில் ஊர் தெரிந்துகொண்டது ஒரே ஒரு படத்தைத்தான். வளைவில் ஒரு கார் வழுக்கி, முன் சக்கரம் தரையை விட்டு எழும்பி, ஓட்டுகிறவன் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்துப் பிடித்திருப்பான். காரின் இடதுபக்கம் பூராவும் வெள்ளை வெளிச்சம், ஏதோ வானம் உடைந்து உள்ளே கொட்டின மாதிரி. அது ஒரு வாரப் பத்திரிகையின் அட்டையில் வந்தது. என் ஸ்டுடியோ வாசலில் கண்ணாடிக்குள் தொங்கியது. “அந்தக் கார் படக்காரர்” என்றால் நான்தான். ரொட்டி வாங்கப் போனாலும், பூசை முடிந்து வெளியே வந்தாலும் அதைப் பற்றி ஒருத்தன் கேட்பான். அப்புறம் அதைத் திருடாதவன் கிடையாது. பீச் பக்கம் ஒரு காபி கடையில் சுவர் அளவு மாட்டியிருக்கிறான். ஒரு பையன் அதையே நெஞ்சில் அச்சடித்த பனியனோடு என் எதிரிலேயே நடந்து போனான். கேட்டால், நெட்டிலிருந்து எடுத்தானாம்! நான் ஏன் கழுத்தில் சாவியோடு அலைகிறேன் என்று இப்போது புரிகிறதா?

போன வருஷம் மழை ஓய்ந்த நேரத்தில் ஒரு அம்மாள் என்னைத் தேடி வந்தாள். நாற்பது வயது இருக்கும். பாண்டிச்சேரிக் குடும்பம், பிறந்து வளர்ந்தது பிரான்சில். கருவடிக்குப்பத்தில் வீடு எடுத்துத் தங்கியிருந்தாள். பழைய மோட்டார் பந்தயங்களின் பொற்காலம் என்று ஒரு கண்காட்சி வைக்கப்போவதாகவும், வாசல் சுவர் முழுக்க என் கார் படத்தைப் பெரிதாக்கி மாட்டி, அடியில் என் பெயரைப் போடப்போவதாகவும் சொன்னாள்.

“பொற்காலமாம்! நாங்க அங்க நின்னப்ப வெயிலும் புழுதியும்தான் இருந்துச்சு” என்றேன்.

“பர்தோன் முசியே, மன்னிக்கணும், அதத்தான் காட்டணும்” என்று சிரித்தாள். என் கை கழுத்துக்குப் போயிற்று.

ஆனால் பாருங்கள், ஆசை யாரை விட்டது? என் படம், என் பெயரோடு, ஒரு சுவர் முழுக்க. இத்தனை திருட்டுக்கும் பதிலாக ஒரு தடவையாவது ஊரறிய “இது இவர் எடுத்தது” என்று எழுதி மாட்டினால், அதற்கப்புறம் எவன் பனியனில் அடித்தால் என்ன என்று தோன்றியது. எனக்கு எழுபது தாண்டிவிட்டது. இதைவிட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? அதனால் ஒரு நிபந்தனை போட்டேன். நெகட்டிவ் வீட்டை விட்டு வெளியே போகாது. வேண்டுமானால் என் கண் முன்னால், என் மேஜையில் வைத்துப் பார்க்கலாம்.

மறுநாள் அடியில் விளக்கு எரிகிற ஒரு வெள்ளைப் பலகையைக் கொண்டுவந்தாள். நான் டின்னைத் திறந்து அந்தப் படம் இருந்த நெகட்டிவ் பட்டையைக் கையுறை போட்டு எடுத்து வைத்தேன். அவள் லென்ஸை வைத்துக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை. சமையலறையில் என் மனைவி கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

“முசியே, இது ரோலோட முதல் படம். பக்கத்துல இருக்கிற வெள்ளை, வானம் இல்ல. பிலிமோட தலை எரிஞ்சது. இந்த ரோல யாரு போட்டாங்க?”

இதை இங்கே விளக்கிவிடுகிறேன். பிலிம் கேமராவில் ரோல் மாட்டும்போது அதன் தலையை வெளியே இழுத்துத்தான் மாட்ட வேண்டும். வெளிச்சம் பட்டு அந்தத் தலைப்பகுதி எரிந்துபோகும். மூடியை மூடின பிறகு ஒன்றிரண்டு தடவை சும்மா அழுத்திச் சுற்றிவிட்டால்தான் கெடாத பிலிம் முன்னால் வந்து நிற்கும். அந்த கிளிக்குகளில் விழுவது பாதி எரிந்து கிடக்கும், அதை யாரும் பிரிண்ட் போடமாட்டார்கள். நாங்கள் அதைச் சும்மா கிளிக் என்போம்.

பந்தயத்தில் ரோல் மாற்ற நின்றால் கார் காத்திருக்குமா? அதனால் இரண்டு கேமரா வைத்திருந்தேன். கல்யாணமான வருஷத்திலிருந்து என் மனைவியும் கூட வருவாள். ஓடுதளம் முழங்கை மாதிரி மடிகிற இடத்தில், எண்ணெய் டிரம்களுக்குப் பின்னால், அவள் ஒரு முனையில் குடை பிடித்துக்கொண்டு பிலிம் பையோடு உட்காருவாள். நான் வளைவின் அடுத்த முனையில் நின்று, வருகிற காரோடு உடம்பைச் சேர்த்துத் திருப்பித் திருப்பி எடுப்பேன். ரோல் தீர்ந்ததும் டிரம்களுக்குப் பின்னாலேயே ஓடிவந்து காலி கேமராவை அவள் மடியில் போட்டுவிட்டு, ரோல் போட்டு, சும்மா கிளிக்கும் முடித்து, தயாராக வைத்திருக்கும் மற்றதைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவேன். பேச்சே இருக்காது. பந்தயக் கார் எஞ்சின்களில் ஊற்றின விளக்கெண்ணெய் எரிகிற வாசனை, காதை அடைக்கிற சத்தம், அவள் கையிலிருந்து என் கைக்குக் கேமரா. அவ்வளவுதான்.

“என் சம்சாரம்தான் போடுவா. சும்மா கிளிக்கும் முடிச்சுத்தான் கையில குடுப்பா” என்றேன்.

“அப்ப முதல் படத்துல கார் எப்படி வந்துச்சு?”

கேள்வியைப் பார்த்தீர்களா? எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “அன்னைக்கு அவ சும்மா கிளிக் அழுத்த மறந்துட்டிருப்பா. அப்படியே குடுத்துட்டா, நான் வாங்கின கையோட எடுத்துட்டேன். இதுல என்ன வக்கீல் கேள்வி?” என்று கத்தினேன்.

சமையலறையில் கத்திரிக்காய் நறுக்குகிற சத்தம் நின்றது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை. அந்த அம்மாளிடம் பலகையை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னேன்.

அன்று ராத்திரி என் மனைவி சோறு மட்டும் வைத்தாள், பேச்சு வைக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து வீட்டில் ஒரு மாதிரி காற்று. என் மனைவி கொல்லைப்பக்கம் போய்ப் போன் பேசுவாள். நான் செருப்பைத் தேடுகிற சாக்கில் போனால் பேச்சை முடித்துவிடுவாள்.

“யாரு?”

“பங்குக் கோயில்ல இருந்து. பாட்டுக்குழு.”

பாட்டுக்குழுவில் யாராவது “வீ, வீ, ஆமாம்மா” என்று பேசுவார்களா? பிரெஞ்சு அந்த அம்மாளுடையது. இரண்டு பொம்பிளைகளும் சேர்ந்து ஏதோ செய்கிறார்கள் என்று அப்போதே எனக்குப் பட்டுவிட்டது. எதற்காக என்றுதான் பிடிபடவில்லை. என் மனைவிக்கு அவள் என்ன ஆசை காட்டியிருப்பாள்? பாரீஸுக்குக் கூட்டிப்போகிறேன் என்றிருப்பாளா? சேசு மரி சூசையே, கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சந்தேகப்படாத ஒரே ஆள் அவள்தானே, அதிலும் மண்ணா என்று மனசு அடித்துக்கொண்டது.

குளிக்கும்போது மட்டும் சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டுவேன். ஒரு நாள் குளித்துவிட்டு வந்து பார்த்தால் உத்தரியத்தின் படம் முன்பக்கம் பார்த்துத் தொங்கியது. நான் எப்போதும் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டுகிறவன். ஈரத் துண்டோடு ஓடிப்போய் பீரோவைத் திறந்தேன்.

டின் இருந்தது. உறைகள் இருந்தன. ஒவ்வொரு உறையாகப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பந்தய ரோல் ஒவ்வொன்றிலும் முதல் பட்டை மட்டும் இல்லை. ஒரு ரோலை ஆறு ஆறு படமாக வெட்டிப் போடுவது வழக்கம். மீதிப் பட்டைகள் எல்லாம் அப்படியே இருக்க, முதல் பட்டையை மட்டும் யாரோ உருவியிருந்தார்கள். இது என்ன திருட்டு? திருடுகிறவன் நல்லதைப் பார்த்து எடுப்பான், இல்லையென்றால் டின்னோடு தூக்குவான். பாதி எரிந்த சும்மா கிளிக்குகளை எவன் எடுப்பான்? புரியாத திருட்டுதான் அதிக பயம்.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று காத்திருந்தேன். காபி குடித்துவிட்டு என் மனைவி நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

“எங்க?”

“ஆஸ்பத்திரில ஒருத்தர பாத்துட்டு வந்துடறேன்.”

அவள் தெரு முனை தாண்டினதும் மொபெட்டை எடுத்தேன். அவள் ஏறின ஷேர் ஆட்டோ ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை, கருவடிக்குப்பம் பக்கம் திரும்பியது. அடி பாவி! நான் வண்டியில் உட்கார்ந்தபடியே சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்தில் பால்காரன் திரும்பிப் பார்த்தான்.

அந்த அம்மாள் வீட்டுக் கதவு சாத்தாமல்தான் இருந்தது. கையும் களவுமாக இருக்கட்டும் என்று எதிர்வீட்டு நிழலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, நேராக உள்ளே போனேன். பெரிய கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் இரண்டு நாற்காலி, இரண்டு பொம்பிளைகள், இரண்டு டம்ளர் காபி. என் நெகட்டிவ் பட்டைகளை மேஜையில் துணி விரித்து வரிசையாக வைத்திருந்தார்கள். என் மனைவி பதறுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, “வாங்க. எப்படியும் வருவீங்கன்னு தெரியும். மொபெட் சத்தம் நம்ம தெருவுலயே கேட்டுச்சு” என்றாள்.

“திருட்டு வேலையா பண்றே? அதுவும் நீயா?”

“மறந்துட்டேன்னு சொன்னீங்க இல்ல? வெளியாள் முன்னாடி. அத்தன வருசம் அந்த வெயில்ல உக்காந்து ஒரு ரோல், ஒரே ஒரு ரோல் தப்பாப் போட்டுக் குடுத்திருப்பேனா நான்? மறந்தனா இல்லையான்னு பாத்துடலாம்னுதான் எடுத்துட்டு வந்தேன். நீங்க குடுப்பீங்களா? குடுக்கமாட்டீங்க.”

அவ்வளவு கோபத்தை அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை. அந்த அம்மாள் எனக்கு ஒரு நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை.

திரையில் என் படம். அதே கார், அதே சக்கரம், அதே வெளிச்சம். அந்த அம்மாள் ஏதோ ஒன்றை நகர்த்த நகர்த்த, இடதுபக்க வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. வெள்ளைக்குள்ளிருந்து ஒரு டிரம் வந்தது. இன்னொரு டிரம் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு ஆள் வந்தான். ஒல்லி. தலையில் நாலு மூலையும் முடிச்சுப் போட்ட கைக்குட்டை. கண்ணில் கேமரா. கார் வழுக்குகிற பக்கம் பார்க்காமல், முதுகை அரைவாசி காட்டிக்கொண்டு, பின்னால் வருகிற எதையோ குறி பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்தான்.

என்ன சொல்வது? என் படத்துக்குள்ளே நானே நிற்கிறேன் என்றால், அப்போது எடுத்தது யார்? ஆனாலும் வாய் விடவில்லை. “இதெல்லாம் கம்ப்யூட்டர் வேல! இப்பல்லாம் இல்லாத ஆளக் கொண்டாந்து உள்ள வெக்கிறாங்க. என்னை என்ன முட்டாள்னு நெனச்சீங்களா?” என்று கத்தினேன்.

“நெகட்டிவ் அங்க இருக்கு முசியே. நீங்களே பாருங்க” என்றாள் அந்த அம்மாள்.

பட்டையை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். லென்ஸை வைத்தேன். பிரிண்டில் வெள்ளையாக விழுகிற இடம் நெகட்டிவில் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து, மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். இருட்டறையில் பழகின கண், பொய் சொல்லத் தெரியாத கண். முதலில் டிரம்மின் விளிம்பு. அப்புறம், கடுகளவு, கைக்குட்டையின் முடிச்சு. அந்தக் கைக்குட்டையை அவள்தான் தண்ணீரில் நனைத்துக் கட்டிவிடுவாள்.

அன்றைக்கு டயர் கிரீச்சிட்ட சத்தம் கேட்டுத் திரும்பி அழுத்தினது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த ஞாபகம் பொய்யில்லை. என் ரோலில் அதுவும் இருக்கிறது. வெறும் புழுதி, கார் போன பிறகு எழும்பின புழுதி. அது கெட்டுப்போன படம் என்று நான் எப்போதோ ஒதுக்கிவிட்டேன். இரண்டு ரோலையும் ஒன்றாகக் கழுவிக் காயப்போட்டபோது கார் இருந்த படம் என்னுடையது என்று எடுத்துக்கொண்டேன். எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஊரில் ஒருத்தனையும் நம்பாதவனுக்கு, தன்மேல் மட்டும் அப்படி ஒரு நம்பிக்கை!

“உனக்குத் தெரியுமா?” என்று என் மனைவியிடம் கேட்டேன்.

“சந்தேகம் இருந்துச்சு. அட்டையில வந்தப்பவே இருந்துச்சு. நான் அமுக்கினப்ப என்னமோ குறுக்க போச்சுன்னு தெரியும். உங்ககிட்ட எப்படிக் கேக்கறது? நீங்க ஊரெல்லாம் சொல்லிட்டீங்க. வுடு, யாரு எடுத்தா என்னன்னு இருந்துட்டேன். ஆனா மறந்துட்டா, மறந்துட்டான்னு சொன்னீங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல.”

அந்த அம்மாள் தயங்கித் தயங்கி, சுவரில் யார் பெயரைப் போடட்டும் என்று கேட்டாள். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் எனக்காக விட்டுக்கொடுத்துவிடுவாள் என்று ஒரு பக்கம் ஆசை, விட்டுக்கொடுத்துத் தொலைத்துவிடுவாளோ என்று ஒரு பக்கம் பயம்.

“என் பேரப் போடும்மா” என்றாள் அவள். “எழுத்துப்பிழை இல்லாம.”

வலிக்கத்தான் செய்தது, ஒளிப்பானேன். இத்தனை வருஷம் எவன் திருடிவிடுவானோ என்று கழுத்தில் சாவியோடு காவல் காத்தது என்னுடையதே இல்லை. நான் தலையை ஆட்டினேன். அப்புறம் மேஜையிலிருந்த மற்றப் பட்டைகளை உறைகளில் போட ஆரம்பித்தேன். கை வேலை இருந்தால்தான் நிற்க முடியும் போல இருந்தது. அந்த அம்மாள் அவற்றின் முதல் படங்களையும் திரையில் வரிசையாக வைத்திருந்தாள். எல்லாம் பாதி எரிந்தவை. ஒன்றில் நான் சோடா குடிக்கிறேன். ஒன்றில் குனிந்து செருப்பு வாரை மாட்டுகிறேன். ஒன்றில் என் முதுகு மட்டும். ஒன்றில் யாரிடமோ கை நீட்டிச் சண்டை போடுகிறேன். எனக்கு மறுபடியும் சந்தேகம் வந்தது, ஆனால் இது வேறு மாதிரி.

திரும்பி வரும்போது அவளை மொபெட்டின் பின்னால் ஏற்றிக்கொண்டேன். வெயில் ஏறியிருந்தது.

“ஏய்.”

“என்ன?”

“எல்லாத்துலயும் நான் இருக்கேன்.”

“ஆமா.”

“ஏன்? அங்க எவ்வளவோ காரு, எவ்வளவோ கூட்டம். சினிமாக்காரங்கல்லாம் வந்திருந்தாங்க.”

“ஒரு ரோலுக்கு ரெண்டு கிளிக்கு. அதுதான் என் பங்குக்குக் கெடச்சுது. எனக்குப் புடிச்சத எடுத்தேன்.”

அப்போதும் கேட்காமல் விட முடியவில்லை. “அப்ப அந்தக் காரு?”

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு காதருகில் சத்தமாகச் சொன்னாள். “நான் எங்க காரப் பாத்தேன்? உங்களத்தான் பாத்து அமுக்கினேன். காரு குறுக்க வந்துடுச்சு. அந்த ஒண்ணுதான் கெட்டுப்போச்சு.”

நான் வண்டியை ஓரம் கட்டினேன். என்ன ஆச்சு என்று அவள் கேட்டாள். பிளக்கில் ஏதோ அடைப்பு, பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன். அவள் நம்பவில்லை.